ஒரே ஒரு மேட்ச்: இங்கிலாந்தா, ஜெர்மனியா?

"ஐரோப்பாவுக்குப் பத்து நாள் போகிறோம். ஊர் சுற்றுவதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்காக. எனக்கென்று ஒரே ஒரு கால்பந்து மேட்ச், ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கே போகட்டும்?" இப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு வைத்திருப்பார்கள். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு, ஆர்செனலின் எமிரேட்ஸ், இல்லாவிட்டால் ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயு. வருடக்கணக்கில் நள்ளிரவில் கண் விழித்து டிவியில் பார்த்த இடங்கள். ஆசை அங்கேதான் போகும், அதில் தப்பில்லை. ஆனால் கிளப்பை முதலில் முடிவு செய்துவிட்டு, தேதியையும் டிக்கெட்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்தான் கடைசியில் மூன்று மடங்கு காசு கொடுத்து மேல் அடுக்கு மூலையில் உட்காருகிறார். அல்லது காலி ஸ்டேடியத்தைச் சுற்றிக் காட்டும் டூரோடு திருப்திப்பட்டுத் திரும்புகிறார்.

என் கட்சி இதுதான்: தேதி முதலில், டிக்கெட் இரண்டாவது, கிளப் கடைசியில். இந்த வரிசையில் யோசித்தால் பெரும்பாலானவர்களுக்கு ஜெர்மனி என்றுதான் விடை வரும். சிலருக்கு மட்டும் லண்டன். ஸ்பெயினும் இத்தாலியும் யாருக்குப் பொருந்தும் என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

அட்டவணையில் இருப்பது தேதி அல்ல, உத்தேசம்

இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கின் அட்டவணை ஜூன் மாதம் வெளியாகும். 38 சுற்றுக்கும் தேதி போட்டிருக்கும், பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி. அதை நம்பி விமான டிக்கெட் போட்டுவிடக் கூடாது. டிவி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைப் பொறுக்கி எடுத்த பிறகு அதே ஆட்டம் வெள்ளி இரவுக்கோ, சனி மதியம் 12:30-க்கோ, ஞாயிறு மாலைக்கோ, திங்கள் இரவுக்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். வியாழக்கிழமை யூரோப்பா லீக் என்ற ஐரோப்பியக் கிளப் போட்டியில் ஆடிய அணியின் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப்படும். கோப்பைப் போட்டியில் ஓர் அணி முன்னேறிவிட்டால் லீக் ஆட்டம் வேறு வாரத்துக்கே போய்விடுவதும் உண்டு.

இதற்குப் பின்னால் ஒரு பழைய விதி இருக்கிறது. பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2:45 முதல் 5:15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் டிவியில் நேரலையாகக் காட்டக் கூடாது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பெரிய கிளப்பைப் பார்த்துக்கொண்டே பக்கத்துத் தெரு கிளப்பை ஜனங்கள் மறந்துவிடக் கூடாதே என்று 1960-களில் வந்த ஏற்பாடு. அதன் விளைவு இன்று பயணிகள் தலையில் விடிகிறது. ஓர் ஆட்டம் டிவியில் வர வேண்டுமென்றால் அதை 3 மணியிலிருந்து நகர்த்தியே ஆக வேண்டும். டிவிக்கு வேண்டியவை எவை? நாம் பார்க்க ஆசைப்படும் அதே ஆட்டங்கள்தான். லிவர்பூலும் ஆர்செனலும் மோதும் நாள் 3 மணியில் நிற்கவே நிற்காது. ஃபுல்லமும் போர்ன்மத்தும் மோதினால் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. கீழ் லீக்குகளுக்கு இறங்க இறங்க சனிக்கிழமை 3 மணி என்பது கிட்டத்தட்டச் சத்தியம்.

ஜெர்மனியிலும் தேதி நகரும். ஆனால் நகரும் எல்லை சிறியது. அங்கே முதல் பிரிவான புண்டஸ்லிகாவில் 18 அணிகள், ஒரு சுற்றுக்கு 9 ஆட்டம். வழக்கமான வாரத்தில் ஒன்று வெள்ளி இரவு 8:30-க்கு, ஐந்து சனி பிற்பகல் 3:30-க்கு, ஒன்று சனி மாலை 6:30-க்கு, மிச்சம் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் ஆட்டம் என்ற பேச்சே இப்போது இல்லை. ரசிகர்கள் வருடக்கணக்கில் டென்னிஸ் பந்துகளைப் புல்தரையில் வீசியும், ஸ்டாண்டைக் காலியாக விட்டும் சண்டை போட்டு அதை ஒழித்தார்கள். ஆகவே வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு இரவு வரை அந்த ஊரில் இருப்பதாகத் திட்டம் போட்டால் போதும், ஆட்டம் எந்த நேரத்துக்கு நகர்ந்தாலும் கைக்குள்தான் இருக்கும். இங்கிலாந்துக்கு அதே பாதுகாப்பு வேண்டுமென்றால் செவ்வாய் காலை வரை தங்க வேண்டும். லண்டன் ஹோட்டல் வாடகையில் இரண்டு இரவு கூடுதல் என்பது ஒரு மேட்ச் டிக்கெட்டுக்கும் மேல்.

ஜூன், ஜூலையில் இரண்டு நாட்டிலும் லீக் கிடையாது. பள்ளி விடுமுறையை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மே மாதத்தின் பின்பாதியில் இரண்டு லீக்கும் முடிந்துவிடும். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் நாட்டு அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் இடையில் நின்றுவிடும், அந்த நாட்களில் போய் இறங்கினால் பெரிய லீக்குகளில் ஒன்றும் கிடைக்காது. டிசம்பர் கடைசியில் போகிறவர்களுக்கு மட்டும் ஜெர்மனி அடிபட்டுப் போகிறது. அங்கே குளிர்கால இடைவேளை விட்டு ஜனவரியில்தான் மறுபடி தொடங்குவார்கள். இங்கிலாந்தில் அந்த நாட்களில்தான் ஆட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டிய பயணம் என்றால் மேற்கொண்டு ஒப்பிட வேண்டாம், இங்கிலாந்துதான்.

தேதி கல்லில் வெட்டிய மாதிரி வேண்டும் என்பவருக்கு ஒரே நாள்தான் இருக்கிறது: சீசனின் கடைசி நாள். இரண்டு லீக்கிலும் அன்று எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒருவர் முடிவைத் தெரிந்துகொண்டு மற்றவர் ஆடக் கூடாது என்பதற்காக. டிக்கெட் கிடைப்பது அன்றைக்குத்தான் மிகவும் கஷ்டம் என்பது வேறு விஷயம்.

டிக்கெட்: பணம் இருந்தால் மட்டும் போதாது

பிரீமியர் லீக்கின் பெரிய கிளப்புகளில் பொது விற்பனை என்பது கிட்டத்தட்ட இல்லை. முதலில் சீசன் டிக்கெட்காரர்கள், அதாவது சீசன் முழுவதுக்கும் ஒரே இருக்கையை வாங்கி வைத்திருப்பவர்கள், அப்புறம் கட்டணம் கட்டிய மெம்பர்கள். அந்த மெம்பர்களுக்குள்ளும் குலுக்கல். மெம்பர்ஷிப் வாங்கினால் டிக்கெட் கிடைத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது வாங்கித் தருவது குலுக்கலில் பெயர் போடும் உரிமையை மட்டும். நான்கு பேர் குடும்பமாகப் போவதென்றால் நான்கு பேருக்கும் மெம்பர்ஷிப் வேண்டும், அதன் பிறகும் நான்கு இருக்கை ஒன்றாகக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குலுக்கலில் விழாதவர்களுக்குக் கிளப்பே நடத்தும் மறுவிற்பனைத் தளம் இருக்கிறது. வர முடியாத சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் இருக்கையை அங்கே போடுவார்கள், ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு இருக்கைகள் தோன்றி மறையும். தனி ஆளாகப் போகிறவருக்கு இது உண்மையிலேயே பலன் தரும் வழி. போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

விலையும் ஏறுமுகம். 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட், சீசன் பாதியில், மெம்பர்களுக்கு மிச்சம் இருந்த டிக்கெட்டுகளை 66 பவுண்டு என்று ஆக்கியது. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை கிடையாது என்று சொன்னதும் ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். எதிரணியோடு வரும் வெளியூர் ரசிகர்களின் டிக்கெட் மட்டும் 2016-லிருந்து 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று லீக்கே கட்டிப் போட்டிருக்கிறது. அதைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். அந்த டிக்கெட்டுகள் பல வருடமாக அணியோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கே போதாது.

கூகுளில் தேடினால் முதலில் வரும் மறுவிற்பனைத் தளங்கள் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பது 1994-ம் வருடச் சட்டப்படி குற்றம். விற்கிறவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு விற்பார், வாசலில் நின்று முழிக்கப் போவது நாம். இப்போது டிக்கெட் காகிதத்தில் வருவதில்லை, போனில் ஏற்றப்பட்டு வாசலில் இருக்கும் கருவியில் காட்ட வேண்டும். சில இடைத்தரகர்கள் யாருடைய மெம்பர்ஷிப்பையோ ஏற்றிய பழைய போனையே கையில் கொடுத்து, "ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள்" என்கிறார்கள். கிளப் அந்த மெம்பர்ஷிப்பை முடக்கியிருந்தால் கருவியில் சிவப்பு விளக்குத்தான் எரியும். கட்டிய காசு திரும்பாது.

உறுதியான வழி என்று ஒன்று இருக்கிறது: கிளப்பே விற்கும் ஹாஸ்பிடாலிட்டி. சாப்பாடு, மெத்தை வைத்த இருக்கை, நல்ல பார்வைக் கோணம். ஆளுக்குச் சில நூறு பவுண்டு. விலை உறுத்தினாலும், வாழ்நாளில் ஒரு முறை ஆன்ஃபீல்டு என்று முடிவு செய்துவிட்டவருக்கு இடைத்தரகரிடம் அதே காசைக் கொடுப்பதைவிட இது நூறு பங்கு மேல். ஒரே குறை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பாட மாட்டார்கள். அவர்களும் நம்மைப் போல் போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஜெர்மனி இந்த விஷயத்தில் சொர்க்கம் என்று எழுதுகிறவர்கள் பாதி உண்மையைத்தான் எழுதுகிறார்கள். பயர்ன் மியூனிக்குக்கு 4 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள், ஸ்டேடியத்தில் இடம் 75,000. எல்லா ஆட்டமும் நிரம்பும். டோர்ட்மண்டில் 81,365 பேர் பார்க்கலாம், ஆனாலும் டிக்கெட் எளிதில் அகப்படாது. உலகப் புகழ் பெற்ற அந்த மஞ்சள் சுவர், அதாவது சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கும் தெற்கு ஸ்டாண்ட், பெரும்பாலும் சீசன் டிக்கெட்காரர்களின் சொத்து. வெளியூர்க்காரர் அங்கே நிற்கலாம் என்று கனவு காண்பதைவிட எதிர்ப்பக்கம் அல்லது பக்கவாட்டில் ஓர் இருக்கை வாங்கி அந்தச் சுவரைப் பார்ப்பது நடக்கிற காரியம். பெர்லினில் யூனியன் கிளப்பின் ஸ்டேடியத்தில் 22,012 பேருக்குத்தான் இடம், அது அவர்களின் உறுப்பினர்களுக்கே பற்றவில்லை.

இந்த மூன்று பெயரையும் தள்ளி வைத்தால்தான் ஜெர்மனியின் கதவு திறக்கிறது. மொன்ஷென்கிளாட்பாக்கில் 54,000 பேருக்கு இடம், பெரிய எதிரணி வராத வாரத்தில் கிளப்பின் வலைத்தளத்திலேயே கார்டு போட்டு வாங்கலாம். வுல்ஃப்ஸ்பர்க், ஹோஃபன்ஹைம் எப்போதுமே எளிது, என்றாலும் அங்கே சத்தம் கொஞ்சம் கம்மி. பெர்லினின் ஹெர்த்தா ஆடும் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் 74,000-க்கும் மேல் இருக்கை. 2023-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய பிறகும் கூட்டம் பெரிதாகக் குறையவில்லை, அப்படியும் மிச்ச இருக்கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நின்று பார்க்கும் டிக்கெட் பல கிளப்புகளில் இருபது யூரோவை ஒட்டியே முடிந்துவிடும். கிளப்பின் ஓட்டுகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்கிற 50+1 விதி அங்கே உண்டு. விலையை இஷ்டத்துக்கு ஏற்றினால் அடுத்த பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும்.

உள்ளே போன பிறகு

இங்கேதான் இரண்டு நாடும் உண்மையில் பிரிகின்றன, நானும் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

ஜெர்மனியில் கூட்டம் என்பது நடத்தப்படுகிற விஷயம். கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்துக்கு முன்னே ஒருவர், புல்தரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பியில் ஏறி நின்று ஒலிபெருக்கியில் பாட்டை எடுத்துக் கொடுப்பார். தொண்ணூறு நிமிடத்தில் அவர் ஆட்டத்தைப் பார்ப்பது சில நிமிடங்கள்தான் இருக்கும். முரசு நிற்காது. ஆட்டம் தொடங்கும் முன் அறிவிப்பாளர் வீரரின் முதல் பெயரை மட்டும் சொல்வார், குடும்பப் பெயரை ஸ்டேடியம் முழுவதும் சேர்ந்து கத்தும். யூனியன் பெர்லினில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் "கால்பந்துக் கடவுள்" என்று ஒரு கூச்சல். ரிசர்வ் கோல்கீப்பருக்கும் அதே பட்டம். சொந்த அணி கோல் போட்டதும் அறிவிப்பாளர் தங்கள் எண்ணிக்கையைக் கேட்பார், கூட்டம் சரியாகச் சொல்லும். எதிரணியின் எண்ணிக்கையைக் கேட்டால் அவர்கள் மூன்று போட்டிருந்தாலும் "நுல்!" என்று பூஜ்யத்தைத்தான் கத்துவார்கள். "டாங்க" என்பார் அவர், "பிட்ட" என்பார்கள் இவர்கள். நன்றி, பரவாயில்லை. ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாதவரும் இரண்டாவது கோலுக்குச் சேர்ந்து கத்திவிடலாம்.

கையில் பியர் கோப்பையோடு இருக்கைக்கே போகலாம் என்பது இன்னொரு வித்தியாசம். கோப்பைக்கு முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், காலிக் கோப்பையைக் கவுண்டரில் நீட்டினால் திரும்பத் தருவார்கள். முன்பணம் வேண்டாம் என்கிறவர்கள் கோப்பையைப் போட்டுவிட்டுப் போக, பல ஸ்டேடியங்களில் நன்கொடைப் பெட்டி இருக்கும். இங்கிலாந்தில் 1985-ம் வருடச் சட்டப்படி, மேல் லீக்குகளின் ஆட்டங்களில், புல்தரை கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது. அதனால் இடைவேளை விசில் ஊதுவதற்குச் சில நிமிடம் முன்பே வரிசை வரிசையாக எழுந்து பின்பக்க நடைக்கூடத்துக்கு ஓடுவார்கள். அந்தக் கடைசி நிமிடங்களில் விழும் கோலைத் தவறவிட்டவர்கள் எல்லா ஸ்டேடியத்திலும் இருப்பார்கள்.

இங்கிலாந்தில் சத்தம் வேறு மாதிரி. முரசு இல்லை, தலைவன் இல்லை. நீண்ட நேரம் அமைதியாக, முனகலோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு முரட்டு டாக்கிள், ஒரு கார்னர், நடுவரின் ஒரு தப்பான முடிவு, உடனே முப்பதாயிரம் பேரும் ஒரே மூச்சில் எழுந்துவிடுவார்கள். ஆட்டத்தின் நாடித்துடிப்போடு கூட்டத்தின் சத்தம் ஏறி இறங்குவது அங்கேதான். பழைய மைதானங்களில் இருக்கை புல்தரைக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கும், டிவியில் கேட்காத விஷயங்கள் கேட்கும்: பந்தை அடிக்கும் சத்தம், டிஃபெண்டர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது. தூய கால்பந்து ரசிகனுக்கு இது மேல் என்று யாராவது வாதாடினால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கணங்களுக்குக் காத்திருக்க வேண்டும், சில மேட்சில் வரவே வராது. ஒரே ஒரு மேட்ச் பார்க்கப் போகிறவருக்கு அது பந்தயம். ஜெர்மனியில் ஆட்டம் 0-0 என்று முடிந்தாலும் கொடுத்த காசு வீண்போகாது.

நிற்பதா உட்காருவதா என்பதும் இதோடு சேர்ந்தது. 1989-ல் ஹில்ஸ்பரோ ஸ்டேடிய நெரிசலில் 97 உயிர்கள் போன பிறகு, அதை விசாரித்த டெய்லர் அறிக்கையைத் தொடர்ந்து இங்கிலாந்தின் மேல் பிரிவுகளில் நின்று பார்க்கும் ஸ்டாண்டுகளே இல்லாமல் போயின. 2022-லிருந்துதான் கம்பித் தடுப்போடு கூடிய இடங்களில் மறுபடி அனுமதிக்கிறார்கள். ஜெர்மனியில் நிற்கும் ஸ்டாண்ட் எப்போதும் நின்றே போகவில்லை. சின்னக் குழந்தையோடு போகிறவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு நாட்டிலும் கோலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டாண்டைத் தவிர்த்துப் பக்கவாட்டில் வாங்குவது நல்லது. இருக்கை என்று எழுதியிருந்தாலும் கோலுக்குப் பின்னால் யாரும் உட்கார மாட்டார்கள், முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.

சட்டை விஷயத்தில் ஜாக்கிரதை. இங்கிலாந்தில் உள்ளூர் ரசிகர்கள் பகுதியில் எதிரணிச் சட்டையோடு உட்கார்ந்தால் காவலர்கள் வெளியே அனுப்பிவிடலாம், டிக்கெட் விதியிலேயே அது இருக்கும். எதிரணி கோல் போட்டதும் கை தட்டினாலும் அதே கதி. அழைப்பில்லாமல் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி அடக்கமாக இருந்துவிட்டு வர வேண்டும். இரண்டு அணிப் பெயரும் பாதி பாதி போட்ட ஸ்கார்ஃபை வாசலில் விற்பார்கள். நினைவுப் பொருளாக வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனால் உள்ளூர்க்காரர்கள் பார்க்கிற பார்வையிலேயே நாம் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது நமக்கும் தெரிந்துவிடும். ஜெர்மனியில் பக்கவாட்டு இருக்கைகளில் இரு தரப்பும் கலந்து உட்காருவது சகஜம்.

லண்டன்தான் என்றால்

சொந்தக்காரர்கள் லண்டனில் இருக்கிறார்கள், தங்க இடம் இருக்கிறது, விசாவும் பிரிட்டனுக்குத்தான் எடுத்தாகிவிட்டது என்றால் ஜெர்மனிக்காக இன்னொரு விசா எடுப்பது வீண் அலைச்சல். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டன் விசா தனி, ஜெர்மனிக்கு வேண்டிய ஷெங்கன் விசா தனி. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. பிரிட்டனுக்கு ஈடிஏ என்ற முன் அனுமதியை ஆன்லைனில் எடுத்தால் போதும்.

லண்டனில் என் முதல் தேர்வு ஃபுல்லம். அவர்களின் ஸ்டேடியம் தேம்ஸ் கரையில் க்ராவன் காட்டேஜ். புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி ஆற்றோரப் பூங்கா வழியாக ரசிகர்களோடு நடந்து போவதே பாதி மேட்ச். 1905-ல் ஆர்ச்சிபால்டு லீச் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய செங்கல் ஸ்டாண்ட் இன்னும் இருக்கிறது, மர இருக்கைகளோடு. நடுவில் தூண் மறைக்கும் இடங்களும் உண்டு. டிக்கெட்டில் பார்வை மறைக்கும் என்று குறிப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஆற்றுப்பக்கம் புதிதாகக் கட்டிய ஸ்டாண்டின் விலையைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம், மற்றப் பக்கங்கள் அதைவிட நிதானம். அடுத்தது வெஸ்ட் ஹாம். 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஸ்டேடியம், 62,500 பேருக்கு இடம் இருப்பதால் டிக்கெட் கிடைக்கும். ஓட்டப்பந்தயத் தடத்துக்காக வடிவமைத்த இடம் என்பதால் புல்தரை தூரத்தில் இருக்கும், கோலுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு எதிர்ப்பக்கக் கோல் ஊகம்தான். டாட்டன்ஹாம் ஸ்டேடியம் 2019-ல் திறந்தது. கட்டடம் என்று பார்த்தால் நாட்டிலேயே சிறந்த ஸ்டேடியம் அதுதான் என்பேன். டிக்கெட்தான் கையைக் கடிக்கும்.

ஆர்செனல் ரசிகருக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எமிரேட்ஸில் உட்கார வேண்டும், சிவப்புச் சட்டைக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும், குழந்தைகளோடு நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் பெண்கள் அணியின் ஆட்டத்துக்குப் போகலாம். 2024 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு அங்கே 60,160 பேர் வந்தார்கள். டிக்கெட் ஆண்கள் ஆட்டத்தின் விலையில் சிறு பங்கு, பொது விற்பனையிலேயே கிடைக்கும், ஒரே வரிசையில் நான்கு இருக்கையும் கிடைக்கும். ஆண்கள் அணியைத்தான் பார்க்க வேண்டும் என்றால் லீக் கோப்பையின் ஆரம்பச் சுற்றுகள், ஜனவரியில் எஃப்ஏ கோப்பையின் மூன்றாம் சுற்று. பெரிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்திருப்பார்கள், ஆனால் டிக்கெட் எட்டும் தூரத்தில் இருக்கும்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் இருக்கும் சனிக்கிழமை எந்தப் பெரிய டிக்கெட்டும் அமையவில்லையென்றால் விம்பிள்டனுக்குப் போங்கள், டென்னிஸுக்கு அல்ல. 2002-ல் அந்த ஊரின் விம்பிள்டன் கால்பந்து கிளப்பையே பெயர்த்து மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் ஒரு பூங்காவில் ஆள் தேர்வு வைத்துத் தங்களுக்கென்று ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதுக் கிளப் தொடங்கி, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி வந்தார்கள். 2020 நவம்பரில் பழைய மைதானம் இருந்த ப்ளவ் லேனுக்கே திரும்பினார்கள். சிறிய ஸ்டேடியம், டிக்கெட் வாங்க மல்லுக்கட்ட வேண்டாம். இன்னும் கீழே போனால் டல்விச் ஹாம்லெட். இடைவேளையில் ரசிகர்கள் தங்கள் அணி எந்தக் கோலைத் தாக்குகிறதோ அந்தப் பக்கத்துக்கே நடந்து போய்விடுவார்கள். அந்த மட்டத்தில் 1985 சட்டமும் பொருந்தாது, கோப்பையோடு தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்று பார்க்கலாம்.

ஸ்பெயினும் இத்தாலியும்

உலகப் பெரிய கிளப் ஒன்றை மெம்பர்ஷிப் இல்லாமல் பார்க்க வேண்டும் என்றால் ஸ்பெயின்தான். பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் தங்கள் வலைத்தளத்தில் யாருக்கும் விற்பார்கள், காசு மட்டும் கனமாக இருக்க வேண்டும். காம்ப் நோவ் இடித்துக் கட்டும் வேலையால் பார்சிலோனா இரண்டு சீசனுக்கு மேல் மலை மேல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஆடிவிட்டு 2025 நவம்பரில்தான் பாதி கட்டிய வீட்டுக்குத் திரும்பியது. எந்த ஸ்டாண்ட் திறந்திருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். ஆட்டம் இரவு 9 மணிக்கு வைக்கப்படுவது சாதாரணம், குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். இத்தாலியில் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், ஹோட்டலில் வைத்துவிட்டுப் போனால் அங்கேயே முடிந்தது கதை. மிலானின் சான் சிரோவை இடித்துவிட்டுப் புதிது கட்டப் போகிறார்கள். அந்தச் சுருள் சாய்தளங்களைப் பார்க்க ஆசை உள்ளவர்கள் இத்தாலியை இப்போதே மேலே தூக்கி வைக்கலாம்.

நான் போட்டுக் கொடுக்கும் திட்டம்

குறிப்பிட்ட கிளப் என்று மனசு ஒட்டாமல், ஸ்டேடியம் என்றால் என்ன என்று ஒரு முறை உணர வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது ஜெர்மனியின் மேற்கில் இருக்கும் ரைன்-ரூர் பகுதி. டுசெல்டார்ஃபிலோ கொலோனிலோ அறை எடுத்துக்கொண்டால் டோர்ட்மண்ட், கெல்சன்கிர்ஷன், போக்கும், லெவர்குசன், மொன்ஷென்கிளாட்பாக் எல்லாமே ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், சில அதற்கும் குறைவு. வெள்ளி முதல் ஞாயிறு வரை இந்த வட்டத்தில் ஏதாவது இரண்டு ஆட்டமாவது நடக்கும். முதல் பிரிவில் கிடைக்காவிட்டால் இரண்டாம் பிரிவு. அதைக் குறைவாக எண்ண வேண்டாம். கெல்சன்கிர்ஷனின் ஷால்க கிளப் 2023-ல் கீழே இறங்கிய பிறகும் சொந்த மைதான ஆட்டங்களுக்குச் சராசரியாக 60,000-க்கும் மேல் கூட்டம் வந்தது. இரண்டாம் பிரிவின் பெரும்பாலான ஆட்டங்களைச் சனி மதியம் 1 மணி, ஞாயிறு 1:30 என்று வைப்பார்கள், முதல் பிரிவு அதற்கு அப்புறம். நேரம் மோதாது. அந்த வட்டாரக் கிளப்புகளின் மேட்ச் டிக்கெட்டிலேயே ஆட்ட நாளுக்கான உள்ளூர் ரயில், டிராம் பயணமும் அடங்கியிருக்கும். டோர்ட்மண்ட் டிக்கெட்டைக் காட்டி அந்தப் போக்குவரத்து வட்டத்துக்குள் போய் வரலாம். நீண்டதூர ஐசிஇ வண்டிக்கு அது செல்லாது. பரிசோதகர் வந்தால் டிக்கெட்டில் அந்தப் போக்குவரத்துச் சங்கத்தின் சின்னத்தைத்தான் பார்ப்பார், ஆகவே போனில் சார்ஜ் இருக்கட்டும்.

பெர்லின் பார்க்கப் போகிறவர்களுக்கு ஹெர்த்தா. 1936-ல் கட்டிய கல் ஸ்டேடியம், நீல ஓட்டத் தடம், 2006 உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸின் ஜிடான் எதிரணி வீரரைத் தலையால் முட்டிய அதே புல்தரை. ஆட்டம் சுமாராக இருந்தாலும் இடம் அசத்திவிடும். அதே நாளில் யூனியன் ஆட்டமும் ஊரில் இருந்தால், டிக்கெட் இல்லாமலேயே கோப்பனிக் ஸ்டேஷனில் இறங்கி ஸ்டேடியத்துக்குப் போகும் கூட்டத்தைப் பார்க்கலாம். அந்த ஸ்டேடியத்தை 2008-2009-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் தாங்களே சிமெண்ட் குழைத்துப் புதுப்பித்தார்கள்.

பிரீமியர் லீக் கிளப் ஒன்றின் மேல் சிறு வயதிலிருந்தே பைத்தியம் என்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அவர் இரண்டு வருடம் சேர்த்து, தேதி உறுதியாகும் வரை காத்திருந்து, ஹாஸ்பிடாலிட்டியோ கிளப்பின் மறுவிற்பனையோ பார்த்துப் போகட்டும். ஆன்ஃபீல்டு என்றால் பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது, லிவர்பூல் நகர மையத்திலிருந்து பஸ், அல்லது சாண்ட்ஹில்ஸ் ஸ்டேஷனிலிருந்து ஆட்ட நாள் பஸ். முடிந்ததும் 61,000 பேர் அதே பஸ்ஸுக்குத்தான் நிற்பார்கள், நடந்துவிடுவது மேல்.

எங்கே போனாலும் பை வேண்டாம். ஏ4 தாளைவிடப் பெரிய பையைப் பெரும்பாலான ஸ்டேடியங்களில் உள்ளே விட மாட்டார்கள், பெட்டியை வாசலில் வாங்கி வைப்பார்கள் என்று நம்பிப் போகவும் கூடாது. ஜெர்மனியில் பெரிய ரயில் நிலையங்களில் லாக்கர் இருக்கும், ஆட்ட நாளில் மதியத்துக்குள் நிரம்பிவிடும். ஞாயிறு மாலை 5:30 ஆட்டம் 7:30-ஐ நெருங்கித்தான் முடியும், ஸ்டேடியத்திலிருந்து நகர ரயில் நிலையம் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம். அன்றிரவே வேறு ஊருக்கு ரயில் ஏறுவதாக இருந்தால் 9 மணிக்கு முந்தைய வண்டியில் இடம் போடாதீர்கள்.